பெட்டி கேட்கும் கேள்வி

இன்று காலை எழுந்ததிலிருந்து இந்த நிமிஷம் வரை உங்களை எத்தனை தடவை "சரிதானா?" என்று கேட்டிருப்பார்கள்? கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வீட்டுக்காரரும் குழந்தைகளும் கேட்டதை விட்டுவிடுங்கள். அவர்கள் நம்மைக் கேட்டுவிட்டுச் செய்வது அபூர்வம். நான் சொல்வது உங்கள் செல்போன் கேட்டதை. காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தீர்கள், ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்து, "உறுதி செய்யவா?" என்றது. பையனுடைய பள்ளிக்கூடக் கட்டணத்தைக் கட்டினீர்கள், இன்னொரு பெட்டி. பழைய போட்டோ ஒன்றை அழிக்கப் போனீர்கள்; மூன்றாவது பெட்டி. ஒவ்வொன்றுக்கும் "சரி" என்று பதில் சொன்னீர்கள். அது என்ன கேட்டது என்று இப்போது ஞாபகம் இருக்கிறதா?

இருக்காது. பாட்டி கதை சொல்லும்போது பாதித் தூக்கத்தில் "உம்" கொட்டிக்கொண்டு கிடப்போமே, அந்த மாதிரிதான் இந்தப் பெட்டிகளுக்கு நாம் "சரி" கொட்டுகிறோம். பாட்டியாவது கெட்டிக்காரி. திடீரென்று கதையை நிறுத்தி, "எங்கே, ராஜா எந்தக் காட்டுக்குப் போனான், சொல்லு!" என்று கேட்டுவிடுவாள். பெட்டிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நாம் கொட்டிய "உம்"மை அப்படியே நம்பிக் காரியத்தை முடித்துவிடும். காரியம் வெறும் போட்டோவானால் போகிறது. பணமானால்?

இந்தப் பெட்டிகளைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச உத்தேசம். கம்ப்யூட்டர் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தொடர்கதை எங்கேயும் ஓடிப்போய்விடாது.

நான் குடியிருப்பது அம்பத்தூரில். 1964-ம் ஆண்டு இங்கே தொழிற்பேட்டை ஏற்பட்டது. அதிலிருந்து லேத்துச் சத்தமும் பிரஸ் சத்தமும் கேட்டே வளர்ந்த ஊர் இது. இன்று அதே பேட்டையில், பட்டறைகளுக்கு இடையிலேயே கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் சாப்பாட்டுப் பையுடன் பெண்கள் கூட்டங் கூட்டமாக உள்ளே போகிறார்கள். அப்பாக்கள் இரும்புச் சாமான் செய்த ஊரில் பெண்கள் கம்ப்யூட்டர் புரோகிராம் செய்கிறார்கள்.

எங்கள் எதிர் வீட்டுப் பெண் அவர்களில் ஒருத்தி. மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று சோதித்துப் பார்ப்பது அவளுக்கு உத்தியோகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவளிடம் கேட்டேன்.

"ஏம்மா, சும்மாச் சும்மா குதித்து வந்து கேள்வி கேட்கிறதே ஒரு பெட்டி, அதற்கு என்ன பெயர்?"

"தமிழில் உரையாடல் பெட்டின்னு பேர் வச்சிருக்காங்க, அக்கா. பேர்தான் உரையாடல். அது கேக்கும், நாம தலையாட்டுவோம். அவ்வளவுதான்."

அவள் சொன்ன விவரம் இது. புரோகிராம் என்பது வரிவரியாக எழுதிய கட்டளைகள். கம்ப்யூட்டர் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டே போகிறது. ஓர் இடத்தில் மனிதருடைய சம்மதம் இல்லாமல் மேலே போகக்கூடாது என்று வருகிறது. உடனே புரோகிராம், "இந்த வாசகத்தை ஒரு பெட்டியில் காட்டு, மேலே இந்தத் தலைப்புப் போடு, கீழே இன்னின்ன பொத்தான்கள் வை" என்று விண்டோஸ் போன்ற அடிப்படை ஏற்பாட்டிடம் சொல்லிவிட்டு, அந்த வரியிலேயே நின்றுவிடுகிறது. பெட்டி திரையில் வருகிறது. அதற்குப் பதில் சொல்லாமல் பின்னால் இருக்கும் வேறு எதையும் தொட முடியாது. வாசலை மறித்துக்கொண்டு நிற்கிற கடன்காரன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் 'ஆம்' என்கிற பொத்தானை அழுத்தினால் புரோகிராமுக்கு என்ன தெரியும்?"

"ஒரு நம்பர் போகும், அக்கா. விண்டோஸில் 'சரி'ன்னா 1. 'ரத்து'ன்னா 2. 'ஆம்'னா 6. 'இல்லை'ன்னா 7."

"என்னுடைய சம்மதம் வெறும் ஆறுதானா?"

"ஆறுதான். நீங்க நாலு தரம் படிச்சு யோசிச்சு அழுத்தினாலும் ஆறு. படிக்காம அழுத்தினாலும் ஆறு. இடுப்புக் குழந்தை கை பட்டாலும் ஆறு."

கீரையைக் கீழே வைத்துவிட்டேன். நம் வீட்டில் "சரி" என்ற ஒரே வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்! மாமியார் சொல்லும் "சரி" ஒன்று. கோபத்தோடு கணவர் சொல்லும் "சரி, சரி" ஒன்று. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "சரி, சொல்லியனுப்புகிறோம்" என்று சொல்வது முற்றிலும் வேறு. குரலைக் கேட்டே நாம் அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். பெட்டிக்குக் காது இல்லை. அதற்குக் கிடைப்பது ஒரு நம்பர்.

ஆகையால், கேட்கிற விதத்தில் இருக்கிறது எல்லாம். அதை அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டது. 1980-களின் தொடக்கத்தில் ஆப்பிள் கம்பெனி 'லிசா' என்றொரு கம்ப்யூட்டரைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 1983-ல் அது விற்பனைக்கு வந்தது. வெளியிடுமுன், கம்ப்யூட்டர் பழக்கமில்லாதவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கவனித்தார்கள். சம்மதத்துக்கான பொத்தானில் அப்போது 'டூ இட்', அதாவது 'செய்' என்று எழுதியிருந்தது. ஒருவர் மட்டும் அந்தப் பொத்தானைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுளித்தாராம். விசாரித்தால், இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவே இடைவெளி போதாமல் அவர் கண்ணுக்கு அது 'டோல்ட்' என்று தெரிந்திருக்கிறது. 'டோல்ட்' என்றால் இங்கிலீஷில் மட்டி, மடையன். "என்னை ஏன் இது மடையன் என்கிறது?" என்று அவருக்குக் கோபம். அதற்குப் பிறகுதான் 'ஓகே' என்ற வார்த்தை அந்தப் பொத்தானில் ஏறியது. இன்று உலகமெல்லாம் அழுத்துகிற 'ஓகே'க்குப் பின்னால் ஒரு மனிதருடைய மனவருத்தம் இருக்கிறது, பாருங்கள்.

தமிழிலும் இந்தத் தொல்லை உண்டு. ரெயில் டிக்கெட்டை ரத்து செய்யப் போகிறீர்கள். "டிக்கெட்டை ரத்து செய்யவா?" என்று பெட்டி வருகிறது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'சரி', இன்னொன்றில் 'ரத்து'. எதை அழுத்துவீர்கள்? ரத்து செய்ய வந்தவர் 'ரத்து' என்பதைத்தான் அழுத்துவார். ஆனால் அந்த 'ரத்து', ரத்து செய்வதையே ரத்து செய்துவிடும்! வந்த காரியம் நடக்காது. "இதுக்கு ஒரே மருந்து, அக்கா, பொத்தான் மேல காரியத்தையே எழுதிடணும்" என்றாள் எங்கள் பெண். 'டிக்கெட்டை ரத்து செய்' என்று ஒரு பொத்தான்; 'டிக்கெட் இருக்கட்டும்' என்று இன்னொன்று. கேள்வியைப் படிக்காமல் பொத்தானை மட்டும் படித்தாலும் குடி முழுகாது. ஆனால் இடம் ஒரு சங்கடம். இங்கிலீஷில் இரண்டே எழுத்தில் முடிந்துபோகிற 'ஓகே'க்கு அளவெடுத்துப் பொத்தானை வரைந்துவிடுகிறார்கள். தமிழ் வாக்கியத்தை அதில் நுழைத்தால் பாதி வெளியே நிற்கிறது. ஆறு வயதுப் பையனுக்குத் தைத்த சட்டையை அண்ணனுக்குப் போட்ட கதைதான்.

வார்த்தை சரியாக அமைந்துவிட்டால் போதுமா? போதாது. எத்தனை தடவை கேட்பது என்று ஒரு கணக்கு இருக்கிறது. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். நல்ல பரிசாரகர் இலையைப் பார்த்து, சாதம் தீருகிற தறுவாயில் ஒரு தரம் கேட்பார். நீங்கள் இலைக்கு மேல் கையை மறித்தால் நகர்ந்துவிடுவார். இன்னொருவர் இருக்கிறார், இரண்டு கவளத்துக்கு ஒரு தரம் வந்து, "சாதம்? சாம்பார்? கூட்டு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மூன்றாவது தடவையிலிருந்து அவர் என்ன கேட்கிறார் என்றே நம் காதில் விழாது. "உம், உம்" என்று சொல்லிவைப்போம். பாகற்காய்ப் பச்சடி இலையில் விழுந்த பிறகுதான் விழித்துக்கொள்வோம்.

2007-ல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி 'விஸ்டா' என்ற விண்டோஸைப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தது. திருட்டுப் புரோகிராம்கள் நுழையாமல் இருக்க, முக்கியமான மாறுதல் எது செய்தாலும் திரையை இருளடித்துவிட்டு, "அனுமதிக்கலாமா?" என்று பெட்டி வைத்தது. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் கேள்வி ஓயாமல் வரவே, ஜனங்கள் படிக்காமலே அனுமதி கொடுக்கப் பழகிவிட்டார்கள். 2009-ல் வந்த அடுத்த விண்டோஸில் கேள்விகளைக் குறைத்துவிட்டார்கள்.

எங்கள் அம்பத்தூர்ப் பட்டறைகளில் இந்தப் பாடத்தை வேறு விதமாகப் படித்திருக்கிறார்கள். தகடு வெட்டும் பவர் பிரஸ் மிஷின் பார்த்திருக்கிறீர்களா? மேலேயிருந்து ஒரு பெரிய இரும்பு தடாலென்று இறங்கும். கீழே கை இருந்தால் விரல் மிஞ்சாது. ஆகவே பல மிஷின்களில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு பொத்தான்கள் வைத்திருப்பார்கள். இரண்டையும் இரண்டு கைகளால் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது மிஷினுக்குள் எந்தக் கை இருக்க முடியும்? "கையை எடுத்துவிட்டாயா?" என்று மிஷின் வாயால் கேட்கவில்லை. கை எடுத்தாக வேண்டும் என்றே அமைத்துவிட்டார்கள். ஆனால் அதிலும் மனித சுபாவம் புகுந்துவிடுகிறது. நாள் ஒன்றுக்கு இத்தனை உருப்படி என்ற அவசரத்தில் ஒரு பொத்தானைக் கட்டையை வைத்து முட்டுக்கொடுத்துவிட்டு, ஒற்றைக் கையால் ஓட்டுகிறவர்களும் உண்டு. படிக்காமல் 'ஓகே' அழுத்துகிற விரலும் அந்தக் கட்டையும் ஒன்றுதான். இங்கே விரல் போகும். அங்கே பணம் போகும்.

பணம் போன கதை ஒன்று சொல்கிறேன். நாம் உதட்டுச் சாயம் வாங்குகிற ரெவ்லான் கம்பெனி இருக்கிறதல்லவா? அதற்குப் பலர் சேர்ந்து கடன் கொடுத்திருந்தார்கள். வட்டியை வாங்கி அவர்களுக்குப் பங்கிட்டுத் தருவது அமெரிக்காவின் சிட்டிபாங்கின் பொறுப்பு. 2020 ஆகஸ்டு 11-ந் தேதி அனுப்ப வேண்டியிருந்த வட்டி சுமார் 78 லட்சம் டாலர். பாங்கின் புரோகிராமில் ஒரு விசித்திரம். இந்த மாதிரி வட்டியை அனுப்ப, முழுக் கடனையும் திருப்புவதுபோலப் பதிந்துகொண்டு, அசலை மட்டும் பாங்கின் உள் கணக்கு ஒன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். அப்படித் திருப்ப மூன்று கட்டங்களில் குறியிட வேண்டும். குறியிட்டதோ ஒன்றில் மட்டும்.

இதைப் பார்த்தவர்கள் மூன்று பேர். இந்தியாவில் ஓர் ஒப்பந்தக் கம்பெனியைச் சேர்ந்த இருவர். பாங்கின் மூத்த அதிகாரி ஒருவர். ஒருவர் எழுத, ஒருவர் சரிபார்க்க, ஒருவர் அனுமதிக்க, ஆறு கண்கள் பார்த்தாக வேண்டும் என்பது விதி. கடைசியில் பெட்டியும் வந்தது. பணம் பாங்கை விட்டு வெளியே போகும், தொடரலாமா என்று கேட்டது. தொடரலாம் என்றார்கள். ஏறக்குறைய 90 கோடி டாலர் வெளியே போய்விட்டது!

பெட்டி எச்சரித்ததே, ஏன் கேட்கவில்லை என்று நமக்குத் தோன்றும். யோசித்துப் பாருங்கள்: அன்றைக்கு வட்டி வெளியே போக வேண்டியதுதானே? ஆகவே, "பணம் வெளியே போகிறது" என்ற எச்சரிக்கை அவர்களுக்குச் சரியாகவே பட்டது. எவ்வளவு போகிறது என்பதைப் பெட்டி சொல்லவில்லை. 78 லட்சமா, 90 கோடியா என்று ஒரே ஒரு தொகையைப் போட்டிருந்தால் ஆறு கண்களில் ஒரு கண்ணாவது விரிந்திருக்கும். மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. பணம் பெற்றவர்களில் சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 50 கோடி டாலரைத் திருப்ப மறுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் நீதிபதி, அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். 2022 செப்டம்பரில் மேல் கோர்ட்டு அதை மாற்றிய பிறகுதான் பாங்குக்கு மூச்சு வந்தது.

கோடிக்கணக்கான டாலர் எங்கோ போகட்டும். ஆவடியில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாளின் 3,600 ரூபாயைச் சொல்கிறேன். தையல் தைத்துக் குடும்பம் நடத்துகிறவர். 2023-ல் பழைய கால் தையல் மிஷினை விற்கலாமென்று போனில் விளம்பரம் கொடுத்தார். 1,800 ரூபாய் விலை. பேரம்கூடப் பேசாமல் ஒருவன் சம்மதித்தான். "பணம் அனுப்பிட்டேம்மா. போனில் ஒரு பெட்டி வரும் பாருங்க. சரின்னு அழுத்தி உங்க ரகசிய நம்பரைப் போடுங்க, பணம் உள்ளே வந்துடும்" என்றான். அந்த அம்மாள் போட்டார். "வரலையே" என்றதும், "ஏதோ கோளாறு, மறுபடி போடுங்க" என்றான். மறுபடியும் போட்டார். இரண்டு தடவையும் 1,800 ரூபாய் அவர் கணக்கிலிருந்து அவனுக்குப் போயிற்று. தையல் மிஷின் மாத்திரம் வீட்டிலேயே நின்றது.

அவன் அனுப்பியது பணமல்ல. பணம் கேட்டு ஒரு விண்ணப்பம். யு.பி.ஐ. 2016-ல் வந்தபோது, மற்றவரிடம் பணம் கேட்டு இப்படி விண்ணப்பம் அனுப்பவும் அதில் வசதி இருந்தது. சிநேகிதிகள் ஓட்டல் செலவைப் பங்கிட்டுக்கொள்ள சௌகரியமான ஏற்பாடுதான். மோசக்காரர்களுக்கு அது இன்னும் சௌகரியமாகப் போயிற்று.

"நான் யாருக்கும் பணம் கொடுக்கிறேன்னு சொல்லவே இல்லையேம்மா" என்று அந்த அம்மாள் என்னிடம் அழுதார். அவர் சொன்னது சத்தியம். ஆனால் பெட்டிக்குப் போன பதில், 'கொடுக்கிறேன்' என்பதுதான். எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, அவள் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பெட்டியில் தொகையும் இருந்திருக்கும், 'கொடு'ன்னும் இருந்திருக்கும், அக்கா. ஆனா எல்லாம் இங்கிலீஷில்" என்றாள். பெட்டி இங்கிலீஷில் பேசிற்று. திருடன் காதோடு தமிழில் பேசினான். அந்த அம்மாள் யாரை நம்புவார்? அவருடைய "சரி" அந்தக் குரலுக்குச் சொன்ன "சரி". பெட்டி அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டது.

யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனம், தனி மனிதர் தனி மனிதரிடம் இப்படி விண்ணப்பம் அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போடுவதைவிட, அந்தப் பெட்டி வராமலே செய்துவிடுவது மேல் என்று முடிவு செய்தார்கள். இரண்டு கைப் பொத்தான் வைத்த பட்டறைக்காரரின் யோசனைதான் இதுவும். இருந்தாலும் மோசக்காரர்களுக்கு வழியா இல்லை? ஆகையால் ஒன்றை மட்டும் மனத்தில் முடிந்துகொள்ளுங்கள்: பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ.யில் ரகசிய நம்பர் தேவையே இல்லை. வாங்குவதற்கு நம்பரைப் போடு என்று யார் சொன்னாலும், போகப்போவது உங்கள் பணம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த இடம் உண்டு.

நம்பிக்கையோடு செய்கிறவரிடம் "நிச்சயமா?" என்று கேட்பதில் பிரயோஜனமில்லை என்பதற்கு, உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2018 ஜனவரி 13-ந் தேதி காலை, ஹவாய்த் தீவுகளில் எல்லாருடைய போனிலும், ஏவுகணை வருகிறது, ஒளிந்துகொள்ளுங்கள் என்று செய்தி வந்தது. ஏவுகணை எதுவும் வரவில்லை. ஒத்திகை ஒன்றை நிஜமென்று நினைத்துவிட்ட ஓர் ஊழியர் அந்தச் செய்தியை அனுப்பிவிட்டார். அவரிடமும் பெட்டி, இதை அனுப்புவது நிச்சயமா என்று கேட்டது. அவர் ஆம் என்றார். ஏன் சொல்லமாட்டார்? அவருக்கு நிச்சயம்தானே! தப்புச் செய்கிறவனும் அந்த நிமிஷத்தில் நிச்சயமாகத்தான் இருக்கிறான். ஏவுகணை இல்லை என்று மறு செய்தி அனுப்ப 38 நிமிஷம் ஆயிற்று. குழந்தைகளைக் கட்டிக்கொண்டு தாய்மார்கள் 38 நிமிஷம் நடுங்கினார்கள். தப்பாகப் போன செய்தியைச் சட்டென்று திருத்த வழி எதுவும் தயாராக இல்லை.

ஆகவே, கேள்வி கேட்பதைவிடத் திரும்பிவர வழி வைப்பது பெரிய உபகாரம் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரில் அழித்த கடிதம் நேரே மறைந்துவிடாமல் ஒரு குப்பைத் தொட்டிக்குப் போகிறதே, அது அப்படிப்பட்ட உபகாரம். விண்டோஸில் அந்தத் தொட்டி 1995-ல் வந்தது. வாட்ஸப்பில், தப்பாக அனுப்பிய செய்தியை எல்லாருக்கும் அழிப்பதாக நினைத்து நமக்கு மட்டும் அழித்துவிட்டு, மற்றவர்கள் படிப்பதைத் தடுக்க முடியாமல் கையைப் பிசைகிறவர்கள் எத்தனை பேர்! 2022 டிசம்பரில் அதற்கும் ஒரு வழி வைத்தார்கள். அப்படி அழித்ததும் சில விநாடிகள் 'திரும்பக் கொண்டுவா' என்று ஒரு பொத்தான் நிற்கிறது. சாம்பாரில் போட்ட உப்பைத் திரும்ப எடுக்க அப்படியொரு பொத்தான் யாராவது கண்டுபிடித்தால் தேவலை.

சில இடங்களில் கேள்வியே வேண்டியதில்லை, சொன்னால் போதும். பூவிருந்தவல்லியில் பூக்காரம்மாக்களைப் பாருங்கள். இரண்டு கையும் மல்லிகையில் இருக்கும். பணம் வந்ததா என்று பெட்டியைத் தட்டிப் பார்க்க அவர்களுக்கு ஏது கை? கூடைப் பக்கத்தில் ஒரு சின்ன ஒலிப்பெட்டி உட்கார்ந்துகொண்டு, இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழிலேயே உரக்கச் சொல்லிவிடுகிறது. பொத்தான் இல்லை, 'சரி' இல்லை. தொகையைச் சொல்கிறது, கேட்கிறவருடைய பாஷையில் சொல்கிறது, தொடுக்கிற கையை நிறுத்தவில்லை. சிட்டிபாங்கின் பெட்டிக்குத் தெரியாத மரியாதை இந்தப் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் எதிர் வீட்டுப் பெண் இப்போது ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறாள். சோதனைக்கு வருகிற ஒவ்வொரு பெட்டியையும், "இதை ஆவடி அம்மாள் கையில் கொடுத்தால் என்ன ஆகும்?" என்று பார்க்கிறாளாம். என்ன காரியம், எவ்வளவு பணம், யாருக்கு என்ற மூன்றும் அதில் இல்லையென்றால், ஓட்டை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுகிறாள். "இது ஒரு ஓட்டையா?" என்று எழுதினவர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். வரட்டும்.

அவர்கள் திருத்துகிற வரைக்கும் நாம் செய்யக்கூடியதும் அந்த மூன்றுதான். அழுத்துமுன், என்ன காரியம், எவ்வளவு, யாருக்கு என்று பெட்டியில் தேடிப் பாருங்கள். புரியாத பாஷையில் இருந்தால், பணம் அனுப்பும் செயலிகள் பலவற்றில் தமிழைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வசதி உண்டு; வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். காதோடு யாராவது பேசிக்கொண்டிருந்தால், முதலில் போனை வைத்துவிட்டுப் பிறகு படியுங்கள்.

அவசரப்பட வேண்டியதேயில்லை, சகோதரிகளே. அவசரமெல்லாம் நமக்கும், போனில் பேசுகிறவனுக்கும்தான். சில பெட்டிகள் காத்திருந்து காத்திருந்து தாமாகவே மூடிக்கொள்ளும். மூடினால் மூடட்டும், பணம் நம்மிடமே இருக்கும். மற்றவை நாம் பதில் சொல்கிற வரையில் அப்படியே நிற்கும். குழம்பை இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடியெடுத்து மாட்டிக்கொண்டு வந்து படித்தாலும் முகம் சுளிக்காது. நம் வீட்டில் அவ்வளவு பொறுமை வேறு யாருக்கு இருக்கிறது, சொல்லுங்கள்!